மூன்றால் வகுபடும் கடிதம்

அத்தியாயம் 7

வழக்கைக் கேட்பதற்குத் துப்பறிவாளர் பல் டாக்டரின் சாய்வு நாற்காலியைத் தேர்ந்தெடுத்தார். கிளினிக்கில் வேறு நாற்காலிகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றில் உட்கார்ந்தால் தலைக்கு மேல் விளக்கு எரியாது.

“சொல்லுங்க டாக்டர். ஒண்ணு விடாம சொல்லுங்க,” என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

“வாயை மட்டும் திறந்துடாதீங்க சார். பழக்கதோஷத்துல ஒண்ணு ரெண்டைப் பிடுங்கிடப் போறாங்க,” என்றாள் கண்டக்டர்.

கண்டக்டர் என்பது அவள் பெயர் இல்லை. இருபத்திரண்டு வருடம் நகரப் பேருந்தில் டிக்கெட் கிழித்துவிட்டு, முழங்கால் கெட்டுப்போனதால் இறங்கியவள். துப்பறிவாளரிடம் உதவியாளராகச் சேர்ந்து மூன்று வருடமாகியும் அந்தப் பெயர் அவளை விட்டு இறங்கவில்லை. பழைய தோல் பையும் இறங்கவில்லை. முன்பு சில்லறை கிடந்த இடத்தில் இப்போது வழக்குக் குறிப்புகள் கிடந்தன.

துப்பறிவாளர் இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எரிந்துபோன கிடங்குகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தவர். அவருடைய முகவரி அட்டை மூன்று வண்ணத்தில் இருக்கும். ‘சிக்கல் எதுவாயினும்’ என்று அதில் தங்க எழுத்து.

பல் டாக்டர் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவள் இல்லை. பதினோரு நாளாகச் சரியாகத் தூங்காத கண்கள் முகமூடிக்கு மேலே சிவந்து கிடந்தன. பதினோரு நாள் முன்பு, காலை எட்டு மணிக்கு, அவளுடைய அப்பா ஒரு கைப்பையோடு வீட்டை விட்டு இறங்கிப் போனார். எழுபத்தொரு வயது. எண்களை ஆராய்ந்து ஓய்வு பெற்றவர். போலீஸ் நிலையத்தில், “பெரியவர்தானே, வந்துடுவாரு” என்று சொல்லி ஒரு தாளில் எழுதிக்கொண்டார்கள். அந்தத் தாள் இப்போது எங்கே என்று அவர்களுக்கே தெரியாது.

“இன்னிக்கு என் பிறந்த நாள். காலைல தபால்ல இது வந்துச்சு,” என்று ஒரு கடிதத்தை நீட்டினாள்.

துப்பறிவாளர் அதை விளக்குக்கு அடியில் பிடித்தார். இவ்வளவுதான் இருந்தது:

‘மகளுக்கு, 3849175929. நலமாக இருக்கிறேன். தேட வேண்டாம். அப்பா.’

“என்னது இது, ஃபோன் நம்பரா?”

“இல்ல சார். என் பரிசு.” டாக்டர் முகமூடியைக் கழற்றினாள். “அப்பா எனக்கு கவுனோ பொம்மையோ வாங்கித் தந்ததே இல்ல. ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் ஒரு பகா எண் தருவாரு. பத்து இலக்கம். என் வயசுல ஆரம்பிக்கும். இது முப்பத்தெட்டாவது. மீதி முப்பத்தேழும் வீட்டுல பிஸ்கட் டப்பாவுல இருக்கு.”

“பகா எண்ணுன்னா... எதாலயும் வகுபடாது. அதானே?”

“ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர. அதைக் கையாலயே சரிபார்ப்பாரு. ஆறாயிரத்துச் சொச்சம் எண்ணால ஒவ்வொண்ணா வகுத்துப் பார்க்கணும். தினம் பதினேழு, பதினெட்டு. சரியா ஒரு வருஷம் ஆகும். கம்ப்யூட்டர்ல ஒரு நொடி வேலைப்பான்னு சொன்னேன். கடையில வாங்கின பரிசை எம்பொண்ணுக்குத் தர மாட்டேன்னுட்டாரு.”

இதற்குள் கண்டக்டரின் உதடுகள் அசைந்து நின்றிருந்தன. டிக்கெட்டின் வரிசை எண்ணைப் பார்த்தால் அவளுக்குக் கூட்டத் தோன்றும். இருபத்திரண்டு வருடம் சிக்னலில் நின்ற நேரமெல்லாம் அதுதான் அவளுடைய சினிமா.

“டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. இதைக் கூட்டினா அம்பத்தேழு வருது.”

“அதனால?”

“இலக்கத்தைக் கூட்டி வர்றது மூணால போனா, எண்ணும் மூணால போகும். அம்பத்தேழு மூணால போகுதே. ஆறாயிரம் படி ஏற வேணாம். மொத படியிலேயே தடுக்கிடுச்சு.”

அறையில் எங்கோ தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் கடிதத்தை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாகக் கூட்டினாள்.

“இருக்காது. எங்கப்பா இப்படித் தப்பு பண்ண மாட்டாரு.”

துப்பறிவாளர் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்தார் என்பது அவர் எண்ணம். ஏதோ மிதியை மிதித்துவிட்டதால் நாற்காலி இன்னும் சாய்ந்து, அவர் காலை மேலே தூக்கியபடிதான் அந்த வரலாற்று வாக்கியத்தைச் சொல்ல வேண்டியிருந்தது.

“அதேதான் டாக்டர்! உங்கப்பா தப்பு பண்ண மாட்டாரு. அப்ப இது தப்பில்ல. செய்தி! அவரைக் கடத்தியிருக்காங்க!”

*

கணித ஆய்வுக் கழகத்தின் வாசலில் பளிங்குப் பலகை ஒன்று இருந்தது. அதில் கழகத்தின் பெயரைவிட இயக்குநரின் பெயருக்குப் பின்னால் வரும் பட்டங்கள் நீளமாக இருந்தன. பெரியவர் முப்பது வருடம் வேலை பார்த்த இடம். ஓய்வுக்குப் பிறகும் செவ்வாய்க்கிழமைதோறும் நூலகத்துக்கு வந்து போன இடம்.

இயக்குநர் கடிதத்தைப் பார்த்தார். கணினியில் எண்ணைத் தட்டினார். பிறகு, மேடையில் மட்டும் பேசுகிற தமிழில், மேஜைக்கு எதிரில் இருந்த மூன்று பேரிடம் பேசினார்.

“இது பிழையன்று. இது ஒரு மேதையின் ஓலம். மூன்றால் வகுத்தால் கிடைப்பது 1283058643. கவனியுங்கள். மூன்று என்பது கடத்தியவர்களின் எண்ணிக்கை. 128 என்பது இடம். 30 என்பது தேதி.”

“மீதி 58643?” என்றாள் கண்டக்டர்.

“அது ஆய்வுக்குரியது.”

“128 பஸ் ரூட்டா இருக்குமோ? அந்த பஸ்ஸை நிறுத்தி ஆறு வருஷமாச்சு சார். அதுல கடத்தினா நடந்துதான் போகணும்.”

துப்பறிவாளர் அவள் காலை மிதித்தார். அவரும் இயக்குநரும் ஒரே நிமிடத்தில் உறவுக்காரர்களைப்போல ஆகியிருந்தார்கள். பெரியவரிடம் வெளிவராத கையெழுத்துப் பிரதி ஒன்று இருந்திருக்க வேண்டும், வெளிநாட்டுச் சக்திகள் அதைத் தேடியிருக்க வேண்டும் என்று ஒருவர் ஆரம்பித்த வாக்கியத்தை மற்றவர் முடித்தார். மாலை ஐந்து மணிக்குப் பத்திரிகையாளர்களை வரவழைப்பது என்று முடிவாயிற்று. யார் நடுவில் உட்காருவது என்பதில்தான் சற்றுத் தாமதம்.

“ஐயா, ஒரு சின்ன சந்தேகம்,” என்றாள் கண்டக்டர். “தப்பாவே இருந்தா?”

இரண்டு பெரிய மனிதர்களும் அவளைப் பார்த்தார்கள். டிக்கெட் வாங்காமல் ஏறியவனை அவள் முன்பு பார்த்த பார்வைதான் அது.

“அம்மணி, நாற்பது வருடம் இத்துறையில் கோலோச்சியவர் பத்து இலக்கத்தைக் கூட்டத் தெரியாதவரா?”

“நான் அதைக் கேக்கலீங்க,” என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள். டாக்டர் உட்கார்ந்தே இருந்தாள். அப்பாவைக் கட்டிப்போட்டிருக்கிறார்களா, சாப்பாடு கொடுக்கிறார்களா என்பதைத் தவிர வேறெதுவும் அவள் மனதில் ஓடவில்லை.

வாசல் காவலர் வருகைப் பதிவேட்டைக் கண்டக்டர் கேட்டதும் கொடுத்தார். ஒரே மாதிரி காக்கி உடுத்தியவர்களுக்கு ஒருவரையொருவர் தெரிந்துவிடும்.

பெரியவர் காணாமல் போவதற்கு முந்தின செவ்வாய், அதற்கு முந்தின செவ்வாய், அதற்கும் முந்தியது. பெரியவரின் கையெழுத்து ஒரே நாளில் மூன்று முறை ‘உள்ளே’ என்ற கட்டத்தில் இருந்தது. ‘வெளியே’ என்ற கட்டம் காலியாக இருந்தது.

“என்ன அண்ணே இது? மூணு தடவை உள்ள போயிருக்காரு. வெளிய வரவே இல்லையா?”

காவலர் சிரித்தார். “வருவாரும்மா. கேட்டைத் தாண்டினதும் நிப்பாரு. அப்புறம் திரும்பி வந்து, ‘வணக்கம், நூலகம் திறந்தாச்சா’ன்னு கேப்பாரு. மறுபடி கையெழுத்து. நாங்கல்லாம் ரசிப்போம். பெரிய மூளை பாருங்க, எந்நேரமும் கணக்குலேயே இருக்கும். இயக்குநர் ஐயா ஆண்டு விழாவுல இதைச் சொல்லி, ஒரே கைதட்டு.”

“எவ்ளோ நாளா?”

“ஒரு வருஷம் இருக்கும்.”

கண்டக்டர் சிரிக்கவில்லை. பதிவேட்டை மூடி, கொஞ்ச நேரம் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

*

“டாக்டர், எக்ஸ்-ரே மாட்டிப் பார்ப்பீங்களே, அந்த விளக்குப் பெட்டியைப் போடுங்க,” என்றாள் கண்டக்டர், கிளினிக்குக்குத் திரும்பியதும்.

“கண்டக்டரம்மா, அஞ்சு மணிக்குப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க. எனக்கு வேற சட்டை மாத்தணும்,” என்றார் துப்பறிவாளர்.

“மாத்திக்கலாம் சார். ரெண்டே நிமிஷம். தாளோட பின்பக்கம் சொரசொரன்னு இருக்கு. ரப்பர் வச்சு அழிச்சிருக்காங்க.”

யாருடைய கடைவாய்ப்பல்லோ தொங்கிய இடத்தில் டாக்டர் கடிதத்தைப் பின்பக்கமாகச் செருகினாள். பெட்டி பளிச்சென்று எரிந்தது. பென்சில் போன தடங்கள் தாளில் சாம்பல் நிறத்தில் எழும்பி வந்தன.

அதே பத்திலக்க எண். அதற்குக் கீழே, ஒன்றன்கீழ் ஒன்றாக: 58. 56. 61. 58. 57. 59.

“சங்கேதம்!” என்றார் துப்பறிவாளர்.

“இல்ல சார்,” என்றாள் கண்டக்டர். குரல் தாழ்ந்திருந்தது. “கூட்டல். ஆறு தடவை கூட்டியிருக்காரு. ஒருதரம் மட்டும் சரியா வந்திருக்கு.”

துப்பறிவாளர் வாயைத் திறந்தார். பல் டாக்டரின் கிளினிக்கில் அது இயல்பான காரியம்தான். ஆனால் அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

எண்களுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்னும் சில வரிகள் இருந்தன. டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“‘சோப்பு இடது பக்கம். சாவி சட்டைப் பையில். காலை மாத்திரை சாப்பிட்டாச்சு. 41, கடைசி. மகளைக் கூப்பிட வேண்டாம். மகளைக் கூப்பிட வேண்டாம்.’” அவள் நிமிர்ந்தாள். “ரெண்டு தடவை எழுதியிருக்காரு.”

கண்டக்டர் பேசினாள். அவளுக்குக் கோபம் வந்தால் சிரிப்பு முகத்திலிருந்து முதலில் இறங்கிவிடும்.

“எங்க டிப்போவுல டிக்கெட் கணக்குப் பார்க்கிறவர் ஒருத்தர் இருந்தாரு. ஒரே கணக்கை ரெண்டு தடவை ஒப்படைச்சாரு. மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். உங்கப்பா மேதையாப் போயிட்டாரு டாக்டர். அதனால எல்லாரும் கை தட்டிட்டாங்க.”

டாக்டர் கடிதத்தைப் பெட்டியிலிருந்து உருவினாள். “ஃப்ரிட்ஜுல செருப்பை வச்சாரு. நான் சிரிச்சேன். ‘அப்பா, நீங்க கணக்கோட பொறந்தவரு’ன்னு சொன்னேன். கிளினிக்ல எல்லார்கிட்டயும் அதை ஒரு ஜோக்கா சொன்னேன்.”

“அப்ப கடத்தல்?” என்றார் துப்பறிவாளர், உடைந்துபோன பொம்மையைக் கையில் வைத்திருப்பவரைப்போல.

“யாரும் கடத்தல சார். அவரே அவரைக் கூட்டிட்டுப் போயிட்டாரு, மக பார்க்கறதுக்கு முன்னாடி.”

“எங்க?”

“41, கடைசி. நாப்பத்தொண்ணாம் நம்பர் பஸ், கடைசி நிறுத்தம்.” அவள் பையைத் தோளில் மாட்டினாள். “சோப்பு, சாவின்னு எழுதியிருக்காரு, எங்கயோ ரூம் எடுத்திருக்காரு. எறங்க வேண்டிய இடம் மறந்துபோற ஆளு எங்க ரூம் எடுப்பாரு? நடுவுல எடுத்தா ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் தாண்டிப் போயிடுவாரு. கடைசி நிறுத்தம்னா தாண்டவே முடியாது. தூங்கினாலும் கண்டக்டர் தட்டி எழுப்பி எறக்கி விட்டுடுவா. இது மறதிக்காரர் போட்ட கணக்கு இல்ல டாக்டர். அவரு இன்னும் நல்லாத்தான் கணக்குப் போடறாரு. கூட்டல்தான் வரல.”

*

நாற்பத்தொன்றாம் நம்பர் பேருந்தில் உட்கார இடம் இருந்தது. துப்பறிவாளர் மட்டும் நின்றுகொண்டே வந்தார். ஐந்து மணிக்கு இயக்குநர் தனியாகவே நடுவில் உட்காரட்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். அவருடைய வாழ்க்கையில் அது சின்னத் தியாகம் இல்லை.

கடைசி நிறுத்தத்தில் டிப்போ, டிப்போவுக்கு எதிரில் ஒரு டயர் கடை, கடைக்கு மேலே லாட்ஜ். மேனேஜர் பதிவேட்டைப் புரட்டக்கூட இல்லை.

“பெரியவரா? மாடியில, ஆறாம் நம்பர். தங்கமான மனுஷன். தினம் காலைல வந்து என் பேரு கேட்டு, புதுசா அறிமுகம் பண்ணிக்குவாரு.”

ஆறாம் எண் கதவில் உள்பக்கம் பார்த்து ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘இது உன் அறை.’ கதவு திறந்தே இருந்தது. ஜன்னலோரம் மேஜை. மேஜைமேல் தாள்கள். சட்டையில் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். மூன்று முகங்களில் ஒன்றைக் கண்டுபிடிக்க அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று. அந்த நேரம் முழுவதும் டாக்டர் மூச்சு விடவில்லை.

“வந்துட்டியாம்மா,” என்றார். பிறகு உடனே, தேர்வு முடிவைக் கேட்கிற மாணவனைப்போல, “சரியா இருந்துச்சா?” என்றார்.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் துப்பறிவாளர் முன்னால் வந்தார். வாழ்நாளில் முதல் முறையாகத் தன் புகழுக்காக இல்லாமல் ஒரு பொய் சொன்னார்.

“பிரமாதமான பகா எண் ஐயா. கழகத்துலயே ஆடிப் போயிட்டாங்க.”

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்ப நீங்க கூட்டிப் பார்க்கல.”

கண்டக்டருக்கு அந்த நிலையிலும் சிரிப்பில் உதடு துடித்தது. துப்பறிவாளர் கதவுப் பக்கமாக நகர்ந்துகொண்டார்.

“ஆறு தடவை கூட்டினேம்மா,” என்றார் பெரியவர். “ஆறு தடவையும் ஒண்ணு போல வரல. அப்புறம் ஓட்டெடுப்பு நடத்தினேன். அம்பத்தெட்டுக்கு ரெண்டு ஓட்டு. அது மூணால போகாது. கழகத்துக் கமிட்டியில முப்பது வருஷமா அப்படித்தான் முடிவு பண்ணோம்.” சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. “அதை அழிச்சிட்டு, போகட்டும்னு தபால்ல போட்டேன். நீ கூட்டிப் பார்ப்பே, தப்புன்னா உனக்குத் தெரிஞ்சிடும். நான் வாயால சொல்ல வேண்டியிருக்காதுன்னு நினைச்சேன். வருஷா வருஷம் நீ கூட்டிப் பார்ப்பே இல்ல?”

பொய் சொல்ல டாக்டருக்கு ஒரு நொடி கிடைத்தது. அதை அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

“இல்லப்பா. ஒரு வருஷம்கூட நான் கூட்டிப் பார்த்ததில்ல. நீங்க குடுத்தா சரியாத்தான் இருக்கும்னு அப்படியே டப்பாவுல போட்டுடுவேன். இன்னிக்கும் இவங்கதான் கூட்டினாங்க.”

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே ஒரு பேருந்து பின்வாங்கி நின்றது. யாரோ அதன் பக்கத் தகட்டைத் தட்டி, எல்லாரும் இறங்குங்க என்று கத்தினார்கள்.

“முப்பத்தேழையுமா?”

“முப்பத்தேழையும்.”

“சரி,” என்றார். கோபமா, வேறென்னவோ, கண்டக்டரால் படிக்க முடியவில்லை. நாற்காலியை ஓரமாக நகர்த்தி, பக்கத்தில் இடம் விட்டார். ஒரு தாளை எடுத்து அந்தப் பத்து இலக்கங்களையும் பார்க்காமலே வரிசையாக எழுதினார். ஒன்றும் பிசகவில்லை. பென்சிலை மகளிடம் நீட்டினார். “இப்ப கூட்டு.”

டாக்டர் உட்கார்ந்தாள். முதலில் அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிச் சரியான துளையில் போட்டாள். பிறகு இலக்கத்தின் மேல் விரலை வைத்தாள்.

“மூணும் எட்டும் பதினொண்ணு. நாலு, பதினஞ்சு. ஒம்பது, இருபத்திநாலு. ஒண்ணு, இருபத்தஞ்சு. ஏழு, முப்பத்திரண்டு. அஞ்சு, முப்பத்தேழு. ஒம்பது, நாப்பத்தாறு. ரெண்டு, நாப்பத்தெட்டு. ஒம்பது...”

“அம்பத்தேழு,” என்றார் பெரியவர். கண்ணை மூடினார். “மூணால போகும். பகா எண் இல்ல.”

“ஆமாம்ப்பா.”

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.” அவர் பென்சிலைத் தள்ளிவிட்டுப் பேனாவை எடுத்து, 57 என்று எழுதி, அழுத்தமாக அடிக்கோடு போட்டார்.

துப்பறிவாளர் மாடிப்படியில் போய் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். தூசு என்று விளக்கம் சொன்னார். யாரும் கேட்கவில்லை. கண்டக்டர் கதவருகிலேயே நின்றாள். கைப்பையில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்த மகளை, மேஜையிலிருந்து பெரியவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் பழைய ஆவல்.

“ஏம்மா, இந்த வருஷத்து எண் வந்துச்சா? சரியா இருந்துச்சா?”

டாக்டரின் கை மடித்த துணியின் மேல் நின்றது. அடிக்கோடு போட்ட ஐம்பத்தேழு அவருக்கு முன்னாலேயே கிடந்தது. அவள் அதைக் காட்டவில்லை. பையை அப்படியே விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கூட்டிப் பார்த்துடலாம்ப்பா,” என்றாள். “மூணும் எட்டும் பதினொண்ணு...”